இரண்டு பேர் உள்ளே, ஒருவர் வெளியே

நவம்பர் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வாலாட்டி எழுதுகிறேன். பத்திரமாக வந்து சேர்ந்தேன். கழுத்து வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் குனிந்து ஊராருக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிறீர்கள். கடையில் உயரமான முக்காலி ஒன்று கேளுங்கள் என்றால் கேட்கமாட்டீர்கள்.

துறைக்கு மேலே, வலைக் கிடங்கின் மாடியில் அதே அறைதான் கிடைத்தது. இரண்டு கட்டிலில் ஒன்றை எடுத்துவிடச் சொன்னேன். "அத எங்கம்மா கொண்டு வைக்கிறது, கிடக்கட்டும்" என்று கிடங்குக்காரர் போய்விட்டார். என் பைகளை அதன்மேல் வைத்திருக்கிறேன்.

அண்ணனின் பறவைப் புத்தகத்துக்கு நாற்பது படம் வேண்டும், முப்பத்தேழு இருக்கிறது என்று பதிப்பகத்தார் எண்ணிச் சொன்னார்கள். அண்ணனின் குறிப்பேட்டில் பாக்கி மூன்று எழுதியிருக்கிறது. கரண்டிவாயன் தண்ணீரைத் துழாவுவது. நெடுங்கால் உள்ளான் சேற்றிலிருந்து புழுவை இழுப்பது. சாம்பல் நாரை இரையை விழுங்குவதற்கு முந்தைய நிமிஷம். மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

படமெடுக்க ஒருத்தர் போதாதா, தங்கை எதற்குத் தொங்கிக்கொண்டு என்று ஒருமுறை கேட்டீர்கள். அப்போது சிரித்து மழுப்பிவிட்டோம். சேற்றுத் திட்டில் நாலு கம்பு நட்டுத் துணி போர்த்திய மறைப்பு ஒன்று இருக்கிறது. ஒருவர் அதற்குள் போவதைப் பறவைகள் பார்த்துவிட்டால் அன்றைக்குக் கிட்டே வராது. இரண்டு பேர் போய் ஒருவர் திரும்பி நடந்தால், ஆள் போயாச்சு என்று நம்பி இறங்கிவிடும். பாவம், அவற்றுக்கு எண்ணத் தெரியாது. உள்ளே இருப்பவர் தானாக வெளியே வரக்கூடாது. வந்தால் குட்டு உடைந்துவிடும், பிறகு அந்தப் பக்கமே ஒரு பறவையும் வராது. வெளியே போனவர் திரும்பி வந்து கூப்பிட்ட பிறகுதான் வரவேண்டும். தண்ணீர் ஏறுவதைப் பார்ப்பதும் வெளியே இருப்பவர் வேலை. அது முதலில் மறைப்புக்குப் பின்னால் உள்ள ஓடையில் ஏறும், முன்பக்க ஓட்டையில் பார்ப்பவருக்குத் தெரியாது. பத்து நிமிஷம் சும்மா உட்கார எனக்கு முடியாது என்பதால் எப்போதும் வெளியே போவது நான்தான். வாலாட்டிக் குருவி என்று அண்ணன் பேர் வைத்தது சும்மாவா?

இப்போது உள்ளே நான், வெளியே படகுக்காரர். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
வாலாட்டி

நவம்பர் 15

அன்புள்ள வாலாட்டிக்கு,

கழுத்து கழுத்தாகத்தான் இருக்கிறது. உன் முழங்கால் எப்படி? சேற்றில் நிற்கும்போது அந்த உயரமான ரப்பர் காலணியைப் போட்டுக்கொள். அழகு பார்க்க அங்கே யாரும் இல்லை.

நீ எழுதிய முறையை இரண்டு தடவை படித்தேன். பதினோரு வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியும் இது எனக்குத் தெரியாது பார். துறைக் கடையில் போன் இருக்கிறதே என்று கேட்காதே. கடைசியாக அவரோடு பேசியது அந்த போனில். அதே எண்ணைச் சுழற்ற எனக்குக் கை வராது.

அன்று காலை நாங்கள் சண்டை போட்டது உனக்குத் தெரியுமா, தெரியவில்லை. அந்த வாரம் வருகிறேன் என்றவர் நாரைக்காக இன்னும் பத்து நாள் என்றார். "அந்தச் சேத்துலயே கிடங்க. இங்க வரவே வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சாயங்காலம் அவர் இல்லை.

விசாரணையில் நீ சொன்னது மனப்பாடம். நாலரைக்குப் போய்க் கூப்பிட்டாய். "நீ போ, நான் அப்புறம் வர்றேன்" என்றார். நீ நம்பி வந்துவிட்டாய். தண்ணீர் வருகிறது என்று தெரிந்தும் அவர் ஏன் வரவில்லை? தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள், அது போகட்டும். நான் சொன்ன வார்த்தைக்காக அங்கேயே உட்கார்ந்துவிட்டாரா என்பதுதான் ஒன்பது மாதமாக என் நெஞ்சில் கிடக்கிறது. அவர் குரல் எப்படி இருந்தது? கோபமா? அழுகையா? நீ ஒருத்திதான் கேட்டவள்.

இன்னொன்று. அவர் சாமான்களோடு கைக்கடிகாரம் வரவில்லை. உன் பைகளில் கிடக்கிறதா பார்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணி

நவம்பர் 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. ரப்பர் காலணியில் ஓட்டை, புதிது சொல்லியிருக்கிறேன். கிடங்கில் எலித் தொல்லை. சோப்பைக்கூட விட்டுவைக்கவில்லை.

கரண்டிவாயன் கிடைத்துவிட்டது! பதினாறு பறவைகள் வரிசையாக நின்று, வாயைத் தண்ணீரில் வைத்து இடமும் வலமும் துழாவிக்கொண்டே வந்தன. சின்ன மீன் ஒன்று மாட்டியதும் ஒன்று தலையை உயர்த்தி, அதை மேலே சுண்டி விழுங்கியது. அண்ணன் பார்த்திருந்தால் மறைப்புக்குள்ளேயே குதித்திருப்பார்.

படகுக்காரர் நேரம் தவறாதவர். சொன்ன நேரத்துக்கு வந்து துணியைத் தூக்கி, "வாங்கம்மா" என்றார். நான் வெளியே வந்து நாலடி நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் இன்னும் துணியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார்.

"யாருக்குப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

கையையே பார்த்தார். "தெரியலம்மா. இன்னொருத்தர் வரணுமேன்னு கை தானா நின்னுருச்சு" என்றார். பிறகுதான் துணியை விட்டார்.

கடிகாரம் சேற்றில் போயிருக்கும். குளிர் தொடங்கிவிட்டது, காதை மூடிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

வாலாட்டி

டிசம்பர் 9

அன்புள்ள வாலாட்டிக்கு,

நலம். எலி, சோப்பு, கரண்டிவாயன், படகுக்காரரின் கை என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. பள்ளிக்கூடத்திலும் தெரியாத கேள்வியை இப்படித்தான் சுற்றி வளைத்து எழுதுவாய் என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

கடையில் எனக்கு வேலை என்ன? ஒவ்வொரு வில்லையாகப் போட்டு "இப்ப தெரியுதா?" என்று கேட்பது. தெரிகிறவரை கேட்பேன். உன்னையும் விடமாட்டேன். குரல் எப்படி இருந்தது?

படகுக்காரரைப் பற்றி எழுதியதைப் படித்தபின் வீட்டில் எல்லா அறை விளக்கையும் போட்டு வைத்திருக்கிறேன், பட்டப்பகலில். நீ தனியாக அதற்குள் நெடுநேரம் உட்காராதே. புதுக் காலணி வாங்கினாயா?

அண்ணி

ஜனவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதீர்கள். பத்து நாள் காய்ச்சல், இப்போது இல்லை. நீங்கள் சுகமா?

உள்ளானும் கிடைத்தது. நூல் போன்ற சிவப்புக் கால், ஊசி போன்ற அலகு. புழு அறுந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தது.

அதற்குப் பிறகு படகுக்காரர் மறைப்புவரை வருவதில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் மணல் கரையில் நின்றுகொள்கிறார். அதனால் ஒருத்தியாகப் போய் ஒருத்தியாகத் திரும்புகிறேன். உள்ளே இருக்கும்போது ஒரு பறவையும் வருவதில்லை. எழுந்து துணியைத் தாண்டி முதுகைக் காட்டி நடந்தால், கரையைத் தொடுவதற்குள் அத்தனையும் மறைப்பின் முன்னால் இறங்கிவிடுகின்றன. முன்பெல்லாம் அண்ணனை உள்ளே விட்டுவிட்டு நடக்கும்போது இப்படித்தான் இறங்கும்.

உட்காரும் பலகையில் பாதியைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். வரவர, எழுந்து வருவதுதான் கஷ்டமாக இருக்கிறது. மறுபடி விட்டுவிட்டு வருகிற மாதிரி இருக்கிறது. நேற்று படகுக்காரர் கரையிலிருந்து ஏழெட்டு தடவை கத்தியபிறகுதான் வந்தேன். ஓடை முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது.

குரலைக் கேட்டீர்கள். சாதாரணமாகத்தான் இருந்தது.

வாலாட்டி

ஜனவரி 8

வாலாட்டிக்கு,

காய்ச்சல் என்று இப்போதுதான் சொல்கிறாய். மருந்து சாப்பிட்டாயா?

சாதாரணமாக இருந்தது என்று எழுதிவிட்டாய். அந்த ஒரு சொல் போதும், எனக்குத் தூக்கம் போயிற்று. கோபத்தில் இருந்திருந்தால் தடுமாறிவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். சாதாரணமாகச் சொன்னார் என்றால் யோசித்து முடிவெடுத்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார். பதினோரு வருஷத்தில் நான் சொன்ன ஒரு பேச்சை அவர் கேட்டதில்லை. சட்டையை மடித்து வையுங்கள் என்றால் வைக்கமாட்டார். சேத்துலயே கிடங்க என்றதை மட்டும் கேட்டுவிட்டார்.

நேற்று ஒரு பெரியவருக்கு இடது கண் வில்லையை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். முதலாளி திட்டவில்லை. வீட்டுக்குப் போம்மா என்றார். வீட்டில் என்ன இருக்கிறது?

போதும், கிளம்பி வா. முப்பத்தொன்பது படம் போட்டால் யாரும் எண்ணிப் பார்க்கப்போவதில்லை.

அண்ணி

ஜனவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

மருந்து சாப்பிட்டேன். நீங்கள் தூங்க வேண்டும். கடையில் லீவு கேளுங்கள்.

நாற்பதாவது படத்தை இத்துடன் அனுப்புகிறேன். இதை இனி எடுக்கவேண்டியதில்லை, முன்பே எடுத்தது. அண்ணன் எடுத்ததல்ல, நான் எடுத்தது. உறையோடு பதிப்பகத்தில் கொடுத்துவிடுங்கள். கொடுக்குமுன் உங்கள் கடையின் விளக்குப் பலகையில் வைத்து ஒரு தடவை பாருங்கள்.

வேறு விசேஷம் இல்லை.

வாலாட்டி

பிப்ரவரி 8

வாலாட்டிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பத்து நாளாக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடையில் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு விளக்குப் பலகையில் வைத்து, பூதக்கண்ணாடியில் பார்ப்பேன். நாரை விலாங்கு மீனின் தலையை அலகால் கவ்வியிருக்கிறது. விலாங்கு நாரையின் கழுத்தை மூன்று சுற்று சுற்றியிருக்கிறது. இரண்டும் விடவில்லை. இவ்வளவு நல்ல படத்தை அவர்கூட எடுத்ததில்லை.

பிறகுதான் உறையைத் திருப்பினேன். உங்கள் இருவருக்கும் ஒரே பழக்கம், எதை எடுத்தாலும் உறைமேல் நாள், நேரம், நீர்மட்டம் எழுதிவிடுவீர்கள். இது உன் கையெழுத்து. பிப்ரவரி 8. ஆரம்பம் 4.20. முடிவு 5.05. நீர் ஏற்றம்.

இன்றோடு வருஷம் திரும்புகிறது.

நாலரைக்கு நீ எங்கே இருந்தாய்? நான் நீதிபதி இல்லை. எழுது.

அண்ணி

பிப்ரவரி 14

அண்ணிக்கு,

நலம் கேட்க எனக்கு வாய் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நான் கூப்பிடவே போகவில்லை. "நீ போ" என்று அவர் சொல்லவில்லை. அதை நான்தான் இட்டுக்கட்டினேன். பறவைகளை ஏமாற்றிப் பழகியவள், உங்களையும் ஏமாற்றினேன்.

அன்று இரண்டு மணிக்கு உள்ளே போனோம். வழக்கம்போலக் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வெயிலில் மின்னினால் பறவை மிரளும் என்று எப்போதும் கொடுத்துவிடுவார். சேற்றில் போயிற்று என்று நான் எழுதியது பொய். கொடுக்கும்போது சொன்னார்: "நாளைக்கு முதல் பஸ்ல போயிடறேன் வாலாட்டி. நாரை எங்கயும் போயிடாது. உங்க அண்ணி செம கோவத்துல இருக்கா. ரெண்டு நாள் திட்டுவா, கேட்டுக்கறேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் உங்களிடம் வரத்தான் இருந்தார் அண்ணி. இதை உங்களுக்குச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று சொல்லாமல் விட்டேன்.

நான் என் கேமராவோடு மணல் கரை வழியாக ஓடையின் அடுத்த வளைவுக்குப் போனேன். நாலு இருபதுக்கு நாரை விலாங்கைப் பிடித்தது. அண்ணன் மூன்று வருஷமாகக் காத்திருந்த படம். நாலரைக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் அஞ்சு நிமிஷம் என்று நினைத்தேன். நாலே முக்காலுக்கும் பார்த்தேன், பார்த்துவிட்டுப் புதுச் சுருள் மாட்டினேன். அவருக்கு இதைக் காட்டி அசத்த வேண்டும் என்று இருந்தது. விலாங்கு தளர்ந்து நாரை விழுங்கி முடித்தபோது ஐந்து ஐந்து.

ஓடினேன். ஓடை நெஞ்சளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மறைப்பின் மேல் கம்புகள் மட்டும் தெரிந்தன. கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, இன்றுவரை நான் அவரைக் கூப்பிடவில்லை.

காலையில் படகுக்காரர்தான் அண்ணனைக் கண்டெடுத்தார். கேமராவை நனையாமல் மேல் கம்பில் அண்ணன் மாட்டியிருந்தார். அதிலிருந்த சுருளைக் கழுவிப் பார்த்தேன். கடைசிப் படத்தில் பறவை இல்லை. பின்பக்கத் துணியைத் தூக்கி, நான் வரவேண்டிய வழியை எடுத்திருக்கிறார். ஓடை நிறைந்துவிட்டது. கரையில் யாரும் இல்லை.

உங்களால் எதுவும் இல்லை அண்ணி. உங்கள் பேச்சை அவர் வழக்கம்போலக் கேட்கவில்லை.

வாலாட்டி

பிப்ரவரி 26

அண்ணிக்கு,

படகுக்காரர் மூன்று தடவை தபால் பார்த்து வெறும் கையோடு வந்தார். நீங்கள் எழுதமாட்டீர்கள் என்பது தெரியும். எழுதவேண்டியதும் இல்லை.

தேதி கடந்துவிட்டது. ஆனால் தண்ணீருக்குத் தேதி தெரியாது, அது நிலவைப் பார்த்து வருவது. அட்டவணையைப் பார்த்தேன். போன வருஷம் அன்று வந்த அதே ஏற்றம், அதே நேரத்துக்கு, நாளைக்குத்தான் வருகிறது. இரண்டு மணிக்கு உள்ளே போகிறேன். இந்தத் தடவை அவரை விட்டுவிட்டு நான் முதலில் எழுந்து நடக்கமாட்டேன். கரையில் நின்று கத்த வேண்டாம் என்று படகுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

கடிகாரத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். நன்றாக ஓடுகிறது. கழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாலாட்டி

பிப்ரவரி 27, படகில்

அடி வாலாட்டி,

கையெழுத்து ஆடும், படகு ஆடுகிறது. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றாவதுக்குப் பதில் பஸ் ஏறிவிட்டேன். உன் நேற்றைய கடிதத்தைப் படகுக்காரர் தபாலில் போடவில்லை. போட மனசு வரவில்லையாம். யாராவது வருவார்களா என்று துறையிலேயே நின்றிருந்தார், நான் இறங்கியதும் என் கையில் கொடுத்தார். கடிகாரம் இப்போது என் மணிக்கட்டில். மணி மூன்றரை. மின்னினால் மின்னட்டும், உன் பறவைகள் பறந்து போகட்டும்.

இதை உன் மறைப்பின் ஓட்டை வழியாக உள்ளே போடுவேன். கூப்பிட எனக்கும் குரல் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் பஸ்ஸில் உன்னைத் திட்டித் திட்டித் தொண்டை கட்டிவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். எழுதினால் அது பொய், பொய் நமக்குப் போதும். படத்துக்காக அவரை விட்டாய். அதைவிட, வீட்டுக்கு வர இருந்தார் என்ற ஒரு வரியை ஒரு வருஷம் உன்னிடமே வைத்துக்கொண்டாய். அந்த ஒரு வரி கிடைத்திருந்தால் நான் தூங்கியிருப்பேன். இதற்கு உன்னைத் திட்டித் தீர்க்க எனக்கு ஆயுள் போதாது. திட்டுவதற்கு நீ எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் என்னைத் தவிர அவரைத் தெரிந்தவர் யாருமில்லை, உன்னைத் தவிர எனக்கும் யாருமில்லை.

படகுக்காரர் கரையோடு நின்றுகொள்வார். ஓடையை நான் தனியாகத்தான் தாண்டி வருவேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நீ வராமல் நான் திரும்பமாட்டேன் என்பதும் தெரியும். ஆகவே உட்கார்ந்து யோசிக்காதே.

எழுந்திருக்கும்போது பலகையில் மறுபாதியைப் பார்த்து அவரைக் கூப்பிடு. வாய் வராவிட்டால் மெதுவாகவாவது கூப்பிடு. சொன்ன சொல் தவறாதவர், நீ கூப்பிடாமல் எப்படி எழுந்து வருவார்?

முதலில் நீ வா. நீ வந்த பிறகும் துணியை விடமாட்டேன். அவர் வரும்வரை பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அண்ணி